விடுதலையானவர் எதற்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும்?

வணக்கம் சார்,

அமெரிக்காவில் ஒரு வீட்டுக்காரர் சுட்டுக்கொன்ற ஜப்பானிய மாணவன் யோஷிஹிரோ ஹட்டோரி வழக்கைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒன்று மட்டும் புரியவில்லை. சுட்டவர் குற்றவாளி இல்லை என்று 12 ஜூரர்கள் (தீர்ப்புச் சொல்ல உட்காரும் பொதுமக்கள்) சொல்லிவிட்டார்கள். அதே சம்பவத்துக்கு இன்னொரு நீதிமன்றம் 6.5 லட்சம் டாலருக்கு மேல் கட்டச் சொல்கிறது. ஒரே ஆளை இரண்டு தடவை தண்டிப்பது இல்லையா இது? ராத்திரி நேரம், முன்பின் தெரியாத பையன் வீட்டை நோக்கி வருகிறான், நில் என்றால் நிற்கவில்லை. அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் யோசித்துக்கொண்டா நிற்பீர்கள்?

எம்.ஆர்., மதுரை

அன்புள்ள எம்.ஆர்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நானும் பயந்திருப்பேன். அந்த வீட்டுக்காரர் நிஜமாகவே பயந்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் நீங்கள் அந்த ராத்திரியைக் கடைசி இரண்டு நொடியிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். கொஞ்சம் முன்னால் போய்ப் பாருங்கள்.

1992 அக்டோபர் 17, லூசியானா மாநிலம், பேட்டன் ரூஜ். ஹட்டோரிக்கு 16 வயது. ஜப்பானின் நகோயா நகரிலிருந்து மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வந்து, ஓர் அமெரிக்கக் குடும்பத்தோடு தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டுப் பையனும் அவனும், மாறுவேஷம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் விருந்துக்குக் கிளம்புகிறார்கள். நடனக்காரன் வேஷம், வெள்ளைக் கோட்டு. வீட்டு எண்ணில் இலக்கம் மாறிப்போய் வேறொரு வீட்டு வாசலில் மணி அடித்துவிட்டார்கள். முன்கதவை யாரும் திறக்கவில்லை. கார் நிறுத்தும் பக்கத்துக் கதவைத் திறந்த வீட்டுக்கார அம்மா, இவர்களைப் பார்த்து மிரண்டு, கதவைச் சாத்திவிட்டு, துப்பாக்கியை எடுக்கச் சொல்லிக் கணவரிடம் கத்துகிறார்.

இங்கேதான் நின்று பார்க்க வேண்டும். கதவு சாத்தியாகிவிட்டது. வீட்டில் எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள். போலீசுக்குப் போன் போடலாம். பையன்கள் இருவரும் திரும்பித் தங்கள் கார் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்போதுதான் கணவர் .44 மேக்னம் கைத்துப்பாக்கியோடு வந்து அந்தக் கதவை மறுபடி திறக்கிறார். கதவு திறந்ததும், விருந்து வீடுதான் போல என்று நினைத்து ஹட்டோரி திரும்பி வருகிறான். விருந்துக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே வருகிறான். அவர் 'ஃப்ரீஸ்' என்கிறார். பாடப்புத்தகத்தில் ஆங்கிலம் படித்த பையனுக்கு அது தண்ணீர் உறைவதைச் சொல்லும் வார்த்தை. அசையாதே, சுட்டுவிடுவேன் என்ற அர்த்தம் அவனுக்குத் தெரிந்திருக்குமா என்று ஜப்பானில் அப்போது நிறையப் பேசினார்கள். நெஞ்சில் ஒரே குண்டு.

சரி, சட்டத்துக்கு வருவோம். போலீஸ் முதலில் அவரை விசாரித்து அனுப்பிவிட்டது. ஜப்பானியத் தூதரக அதிகாரியும் மாநில ஆளுநரும் தலையிட்ட பிறகுதான் வழக்கே வந்தது. யார் வாசலுக்கு வந்தாலும் துப்பாக்கியோடு கதவைத் திறக்க இந்த நாட்டில் உரிமை இருக்கிறது என்று வாதாடினார் அவருடைய வக்கீல். 1993 மே மாதம், சுமார் மூன்று மணி நேரம் பேசிவிட்டு ஜூரி அவரை விடுவித்தது.

கிரிமினல் வழக்கில் அரசுத் தரப்பு குற்றத்தை நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். அவர் பயம் நியாயமான பயமாக இருந்திருக்கலாமோ என்று ஜூரிக்கு நியாயமான சந்தேகம் வந்தாலே, அதன் பலன் அவருக்குத்தான். அப்படித்தான் இருக்கவும் வேண்டும், ஒருவரை ஜெயிலுக்கு அனுப்புகிற விஷயம் அது. அதனால் 'குற்றவாளி இல்லை' என்ற தீர்ப்பை 'செய்தது சரி' என்று படிக்கக் கூடாது.

சிவில் வழக்கில் கேட்பதே வேறு கேள்வி. ஒரு பையன் செத்துப்போனான். அந்த இழப்புக்கு யார் பொறுப்பு? இங்கே எந்தப் பக்கம் கனம் கூட என்று எடை போட்டுப் பார்த்தால் போதும். 1994 செப்டம்பரில் ஜூரி இல்லாமல் நீதிபதி ஒருவரே விசாரித்து, சுடுவதற்கு எந்த நியாயமும் இல்லை என்று முடிவுசெய்தார். மேல்முறையீட்டிலும் அது நின்றது. இரண்டு கேள்விக்கு இரண்டு பதில், அவ்வளவுதான். தண்டனை என்று நீங்கள் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளாதது இதனால்தான். அவர் தப்பாகப் புரிந்துகொண்டதற்கான விலையை யாராவது சுமந்துதான் ஆக வேண்டும். அவர் சுமக்கவில்லை என்றால் நகோயாவில் இருக்கிற அப்பா அம்மா சுமப்பார்கள். அது எப்படி நியாயம், சொல்லுங்கள்?

அவ்வளவு பெரிய தொகை அவர்கள் கைக்கு வரவும் இல்லை. சுட்டவரின் காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது 1 லட்சம் டாலர். அதையும் அவர்கள் அமெரிக்க மாணவர்களை ஜப்பானுக்கு வரவழைக்கவும், துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காக வேலை செய்கிறவர்களுக்கும் செலவிட்டார்கள். மகனைப் பறிகொடுத்த தேசத்துப் பிள்ளைகளைத் தங்கள் ஊருக்கு அழைத்துப் படிக்கவைத்தவர்கள் அவர்கள். இதை எழுதும்போதே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இரண்டு தடவை தண்டிக்கிறார்கள் என்று கவலைப்படுகிறீர்கள். நடந்துகொண்டிருப்பது நேர் எதிர். 2005இல் ஃப்ளோரிடா கொண்டுவந்த சட்டம், தற்காப்புக்காகச் சுட்டேன் என்பவரின் வாதம் நிலைத்தால் அவர் மேல் கிரிமினல் வழக்கும் கிடையாது, சிவில் வழக்கும் கிடையாது என்றது. அதன் வழியில் பல மாநிலங்கள் போயின. லூசியானாவும் 2006இல் சிவில் வழக்கிலிருந்து பாதுகாப்புக் கொடுத்துச் சட்டம் போட்டது. இன்று அதே தெருவில், அதே மாதிரி ஒரு பையன் வழிதவறிப்போய்ச் செத்தால், அவனுடைய பெற்றோர் நஷ்டஈடு கேட்பதற்கு முன்னால் அந்தச் சட்டத்தைத் தாண்டி வர வேண்டும்.