இறைச்சியையே செரிக்கும் இரைப்பை தன்னை ஏன் செரித்துக்கொள்வதில்லை?

செரித்துக்கொள்ளும். காவல் தளர்ந்தால் போதும். நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

முழங்கால் வலிக்கு ஐபுப்ரோஃபென் மாத்திரையை யாரையும் கேட்காமல் மூன்று வாரம், பெரும்பாலும் வெறும் வயிற்றில், விழுங்கிவந்தேன். நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிச்சல் நிற்கவில்லை. எண்டோஸ்கோப்பியில் பார்த்தேன்: இளஞ்சிவப்பாக, ஈரம் மின்னும் சுவர்; அதன் நடுவே வெள்ளை படிந்த ஒரு சிறு குழி. அல்சர்.

இரைப்பையில் சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சாதாரணமானதல்ல. வெறும் வயிற்றில் பி.எச். அளவு (குறையக் குறைய அமிலம் கடுமை; நடுநிலை 7) 1 முதல் 2 வரைகூட இருக்கும். அமிலம் புரதத்தின் முறுக்கை அவிழ்க்க, அதைத் துண்டுபோடுகிறது பெப்சின் என்ற நொதி. பெப்சினை அப்படியே தயாரித்துவைத்தால், தயாரித்த செல்லுக்கே ஆபத்து. எனவே அது உறையிலிட்ட கத்தியாக, பெப்சினோஜன் என்ற வடிவில் வெளியே வருகிறது. அமிலம் பட்ட பிறகே உறை கழல்கிறது. கணையமும் இதே தந்திரத்தைத்தான் கையாள்கிறது. அதன் ட்ரிப்சின் என்ற நொதி கூர்மை பெறுவது சிறுகுடலுக்குள் போன பிறகு. முன்கூட்டியே உறை கழன்றால் கணையம் தன்னையே அரிக்கத் தொடங்கும். கணைய அழற்சி என்று டாக்டர்கள் சொல்வது அதைத்தான்.

உறை கழன்ற கத்தியிடமிருந்து சுவரைக் காப்பது ஒரு சளிப் படலம். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. ஆனால் அதற்குள் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் ஊறிக்கொண்டே இருப்பதால், மேற்புறம் கடும் அமிலமாக இருக்கும்போதே அடியில் செல்களைத் தொடும் இடம் ஏறக்குறைய நடுநிலையில் இருக்கிறது. எனக்கு இதைவிட வியப்பான பொறியமைப்பு உடம்பில் வேறில்லை. இதையும் தாண்டி அடிபடும் மேற்புறச் செல்கள் சில நாள்களுக்கு ஒருமுறை உதிர்ந்து, புதியவை வந்துவிடுகின்றன.

சளியையும் பைகார்பனேட்டையும் சுரக்கத் தூண்டுவது புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். வலியை உண்டாக்குவதிலும் அதற்குப் பங்குண்டு. அதன் உற்பத்தியைத் தடுத்த என் மாத்திரை, வலியோடு இந்தக் காவலையும் சேர்த்தே அடக்கிவிட்டது.

இன்னொரு எதிரி ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. அல்சருக்கு மன அழுத்தமே காரணம் என்று பலரும் நம்பிய காலத்தில், 1984இல் ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் சக ஆய்வாளர் ராபின் வாரனுடன் நோபல் பரிசும் பெற்றார்.

எனக்கு அந்தக் கிருமி இல்லை. மாத்திரையை நிறுத்தி, அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலை எட்டு வாரம் கொடுத்தார்கள். மறுபடி பார்த்தபோது குழி மூடியிருந்தது; அந்த இடம் மட்டும் சற்று வெளிறித் தெரிந்தது. முழங்கால்தான் இன்னும் வலிக்கிறது.