கடைசி செமஸ்டரில் மூச்சுவிட நேரமில்லை, நண்பர்களோடு எப்படி நேரம் செலவழிப்பது?

கேட்டவர் எழுதியிருந்தது சுருக்கமாக இதுதான்: இறுதியாண்டு, புராஜெக்ட் ஒரு பக்கம், வேலைக்கான இண்டர்வியூ ஒரு பக்கம், கூடவே இருக்கிற நண்பர்களிடம் உட்கார்ந்து பேசக்கூட நேரம் கிடைக்கவில்லை, எல்லாம் முடிந்ததும் ஒரு பெரிய டூர் போய் ஈடுகட்டிவிடலாமா?

அந்த டூர் நடக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எங்களுடையதும் நடக்கவில்லை. ஐந்து பேர் நாங்கள். டூருக்கென்றே தனியாக ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்து, மூன்று வாரம் தேதிக்காக அடித்துக்கொண்டு, ஒருவனுக்கு இண்டர்வியூ, ஒருவனுக்கு வீட்டில் விசேஷம், இன்னொருவனுக்குக் கையில் காசில்லை (அதைச் சொல்லாமல் வயிற்றுவலி என்றான், எங்களுக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொண்டோம்), கடைசியில் ஐந்து பேரும் சும்மா இருந்த ஒரே ஒரு வாரக் கடைசியில் புராஜெக்ட் ரிவ்யூவைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அந்தக் குழு இன்னும் என் போனில் இருக்கிறது. அதில் கடைசி மெசேஜ், 'சரி, அடுத்த வாரம் கண்டிப்பா'.

நான் படித்து முடித்து ஆறு வருஷம் ஆகிறது. இப்போது யோசித்தால், நாங்கள் செய்த தப்பு டூர் போகாததல்ல. டூர் வரப்போகிறது என்று நம்பி மற்ற நாட்களைக் கோட்டைவிட்டதுதான். 'இந்த ரிவ்யூ முடியட்டும்டா', 'இந்த இண்டர்வியூ முடியட்டும்டா' என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒன்று முடிந்தால் இன்னொன்று வந்து நிற்கும். கடைசி செமஸ்டர் என்பதே அப்படித்தான், அதில் 'முடிந்ததும்' என்று ஒரு நாள் கிடையாது; எல்லாம் முடிகிற நாளில் எல்லோரும் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள்.

இதைப் பற்றி ஒரு ஆய்வே இருக்கிறது. ஜேமி கர்ட்ஸ் என்ற உளவியலாளர் 2008-ல் வெளியிட்டது, அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மாணவர்களை வைத்துச் செய்தது. படிப்பு முடிய ஆறு வாரம் இருக்கும்போது இறுதியாண்டு மாணவர்களைக் கூப்பிட்டு, கல்லூரி வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொன்னார்கள். ஒரு கூட்டத்திடம் 'உங்களுக்கு இன்னும் 1,200 மணி நேரம்தான் இருக்கிறது' என்கிற தொனியிலும், இன்னொரு கூட்டத்திடம் 'இன்னும் வருஷத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்கிறது' என்கிற தொனியிலும் சொன்னார்கள். (நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,200 மணி என்றால் 50 நாள், பத்தில் ஒரு பங்கு என்றால் 36 நாள் சொச்சம். அதாவது நாள் கூடுதலாக இருக்கிற கணக்குத்தான் கேட்பவருக்குக் குறைவாகத் தோன்றியிருக்கிறது!) இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், நேரம் கொஞ்சம்தான் என்று நினைத்தவர்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள், கல்லூரி சார்ந்த விஷயங்களில் மற்றவர்களைவிட அதிகமாகக் கலந்துகொண்டார்கள். முடிவை நினைத்தால் சோகம்தான் வரும் என்று நாம் அதை நினைக்காமலே தள்ளிப்போடுகிறோம், அவர்கள் பார்த்தது நேர்மாறாக இருந்திருக்கிறது.

உங்களுக்கு ஐம்பது நாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 1,200 மணியில் தூக்கத்துக்கு நாளைக்கு ஏழு மணி என்றால் 350 போய்விடும். வகுப்பு, லேப், புராஜெக்ட், இண்டர்வியூவுக்குப் படிப்பது எல்லாம் சேர்த்துப் பத்து மணி நேரம் வைத்தால் 500. மிச்சம் 350. குளிப்பது, துவைப்பது, சாப்பிடுவது, வீட்டுக்குப் போன் பேசுவது, சும்மா போனைத் தேய்த்துக்கொண்டு கிடப்பது, எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். தனியாக 'நண்பர்கள் நேரம்' என்று ஒதுக்கினால் கையில் ஒன்றும் நிற்காது. ஆனால் அந்த 500 மணி நேரம் இருக்கிறது பாருங்கள், வேலை செய்கிற நேரம், அதைத்தான் நாங்கள் ரொம்ப நாள் கண்டுகொள்ளவே இல்லை.

எனக்கு அது தெரிந்தது ரிப்போர்ட் பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முந்தின ராத்திரி. ஐந்து பேரும் வேறு வேறு புராஜெக்ட் குழு, அதனால் அந்த இரண்டு மாதமும் ஆளுக்கொரு மூலையில் கிடந்தோம். அன்றைக்கு ஹாஸ்டலில் எங்கள் மாடியில் மட்டும் நெட் வேலை செய்தது. கீழே இருந்து ஒவ்வொருவனாக லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தான். அறையில் இடமில்லை, எல்லோரும் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்தோம், ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். எனக்குப் பக்க எண் முன்னுரையில் ரோமன் எழுத்தில் ஆரம்பித்து மூன்றாம் அத்தியாயத்தில் திடீரென்று ஒன்றிலிருந்து எண்ணியது. நெட்டையன் (அவனுடைய பெயரை வேண்டாம் என்று விடுகிறேன், உயரம் போதும்) ஒரு மணி நேரம் தன் வேலையை விட்டுவிட்டு அதைச் சரிசெய்தான். நான் அவனுடைய நன்றியுரையைப் படித்துச் சிரித்துச் சிரித்து, கைடு பெயரில் இருந்த எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அது அப்படியே போயிருந்தால் வைவாவில் (புராஜெக்டுக்கான வாய்மொழித் தேர்வில்) அவன் கதை முடிந்திருக்கும். விடியற்காலை நாலு மணி வரைக்கும் பெரிதாக எதுவும் பேசவில்லை. 'டேய் இந்த மார்ஜின் எவ்வளவுடா', 'இந்தப் படம் ஏண்டா அடுத்த பக்கத்துக்குத் தாவுது', இவ்வளவுதான். ஆனால் நாலு வருஷத்தில் எது ஞாபகம் இருக்கிறது என்று கேட்டால் எனக்கு அந்தப் படிக்கட்டுத்தான் முதலில் வருகிறது.

ஆக, கூடி வேலை செய்யுங்கள் என்பதுதான் என் யோசனை. அவரவர் வேலையை அவரவர் செய்யலாம், இடம் மட்டும் ஒன்றாக இருக்கட்டும். துணி துவைக்கப் போனால் ஒருவனைக் கூப்பிடுங்கள், பிரிண்ட் எடுக்கப் போனால் இன்னொருவனைக் கூப்பிடுங்கள், இண்டர்வியூவுக்குப் படிக்கிறவனிடம் கேள்வி கேட்டு அவனைத் திணறடியுங்கள். ஒரே புராஜெக்ட் குழுவில் நெருங்கிய நண்பர்களாகச் சேருவது மட்டும் வேறு கதை. எனக்குத் தெரிந்து பாதி நட்பு அதில்தான் உடைந்தது, யார் எவ்வளவு புரோகிராம் எழுதினார்கள் என்று.

ராபின் டன்பர் என்ற ஆய்வாளரும் இன்னொருவரும் பள்ளி முடித்துப் போன 30 மாணவர்களை 18 மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். தூரம் வந்தபிறகு பெண்களின் நட்பைத் தாங்கிப் பிடித்தது பேச்சு, ஆண்களின் நட்பைத் தாங்கிப் பிடித்தது சேர்ந்து எதையாவது செய்வது என்று அவர்கள் கண்டார்கள். எல்லோருக்கும் இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், முப்பது பேர்தானே. ஆனால் எங்கள் ஐந்து பேரைப் பொறுத்தவரை அச்சு அசல் இதுதான். இன்றைக்கும் 'எப்படிடா இருக்க' என்று போன் செய்தால் ஒரு நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துவிடும், 'இந்த ஃபைலைக் கொஞ்சம் பாருடா' என்றால் ஒரு மணி நேரம் ஓடும்.

அப்புறம், யாரும் எழுதாத ஒன்றைச் சொல்ல வேண்டும். கடைசி செமஸ்டரில் நட்பைக் கெடுப்பது நேரமின்மை மட்டுமல்ல. வேலை கிடைத்தவன், கிடைக்காதவன் என்று கூட்டம் இரண்டாகப் பிரிவதுதான் பெரிய சிக்கல். எங்களில் நாலு பேருக்கு மூன்றாவது மாதத்துக்குள் வேலை உறுதியாகிவிட்டது. என் அறைத்தோழனுக்கு ஆகவில்லை. ஏழு இண்டர்வியூ, ஏழும் கடைசிச் சுற்றில் போயிற்று. நாங்கள் என்ன செய்தோம்? அவன் இருக்கும்போதே சேருகிற தேதி, எந்த ஊர், யாரோடு வீடு எடுப்பது என்று பேசினோம். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, சந்தோஷம் தாங்கவில்லை, அவ்வளவுதான். அவன் முதலில் மொட்டை மாடிக்கு வருவதை நிறுத்தினான். அப்புறம் சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொண்டான். ஒரே அறையில் இருந்துகொண்டே ஒருவன் விலகிப் போக முடியும் என்று அப்போதுதான் பார்த்தேன். 'கவலைப்படாதடா, உனக்கும் கிடைக்கும்' என்று இரண்டு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை அவன் பார்த்த பார்வையில் மூன்றாவது தடவை சொல்லவில்லை.

உங்கள் கூட்டத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். ஆறுதல் சொல்லாதீர்கள், அவரைக் கூப்பிட்டு ஏதாவது வேலை சொல்லுங்கள். அன்றைக்குப் படிக்கட்டில் அவனும் வந்து உட்கார்ந்தான், ஏனென்றால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அவனுடையது.

அதற்கடுத்து நோ டியூ. யாருக்கும் எந்தப் பாக்கியும் இல்லை என்று நூலகம், லேப், ஹாஸ்டல், அலுவலகம் என்று ஒவ்வொரு இடமாகக் கையெழுத்து வாங்குகிற படிவம், உங்களுக்கும் வரும். எல்லோரும் அதைத் திட்டுவார்கள். நாங்கள் ஐந்து பேரும் ஒரே நாளில் கிளம்பினோம். பதினொரு கையெழுத்து. ஒருவர் சாப்பிடப் போயிருப்பார், ஒருவர் முத்திரையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார், ஒருவர் முதலாம் ஆண்டில் நாங்கள் உடைத்த பீக்கரை ஞாபகம் வைத்திருந்து பிடித்துக்கொண்டார். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் நாலரை வரை வராந்தா வராந்தாவாக நின்றோம். யாருக்கும் வேறு எந்த வேலையும் செய்ய முடியாது, லேப்டாப் கையில் இல்லை, வரிசை நகராது. நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஓய்வு நாள் அப்படித்தான் எங்களுக்குக் கிடைத்தது. என் அறைத்தோழன் கூட அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தான், பீக்கர் விஷயத்தில். அவனுடைய படிவத்தில் மட்டும் மூன்று கையெழுத்து மிச்சம் நின்றுவிட்டது. நூலகத்தில் அவன் பெயரில் ஒரு புத்தகம் திரும்பி வரவில்லை என்றார்கள், 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று வந்துவிட்டோம்.

வைவா முடிந்த அன்றைக்கே அவன் ஊருக்குக் கிளம்பினான். நான் அப்போது திருத்தச் சொன்ன இரண்டு பக்கத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். கதவருகில் வந்து நின்று 'கிளம்புறேன்டா' என்றான். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் 'சரிடா, காலையில பாப்போம்' என்று சொல்லியிருக்கிறேன். கிளம்புகிறேன் என்றால் மொத்தமாகக் கிளம்புகிறான் என்று எனக்கு உறைக்கவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் அவன் கட்டிலில் மெத்தை சுருட்டி இருந்தது.

பட்டம் வாங்குகிற நாளில் சந்தோஷமா சோகமா என்று ஒருவரைக் கேட்டால் இரண்டும் என்றுதான் சொல்வார். 2001-ல் லார்சன், மெக்ரா, கசியோப்போ மூவரும் செய்த ஆய்விலும், பட்டமளிப்பு நாளிலும் விடுதியைக் காலி செய்கிற நாளிலும் மாணவர்கள் மற்ற சாதாரண நாட்களைவிட அதிகமாக இரண்டையும் ஒரே நேரத்தில் உணர்ந்ததாகச் சொன்னார்கள். எனக்கு அன்றைக்குச் சந்தோஷத்தில் கொஞ்சம், சோகத்தில் கொஞ்சம், மிச்சமெல்லாம் அந்தச் சுருட்டி வைத்த மெத்தை.

இரண்டு வாரம் கழித்து அவனே போன் செய்தான், கோபமாக. ஒரு வழியாக வேலை கிடைத்துவிட்டது, சான்றிதழ் உடனே வேண்டும், நோ டியூ இல்லாமல் தர மாட்டேன் என்கிறார்கள், நூலகப் புத்தகம் எங்கே என்றே தெரியவில்லை என்றான். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே என் அலமாரியைப் பார்த்தேன். அவனுடைய கார்டில் நான் எடுத்த புத்தகம், என் துணிக்கு அடியில் இருந்தது.

திட்டு வாங்கிக்கொண்டேன். புத்தகத்தைக் கொடுத்து, அபராதத்தைக் கட்டி, மிச்சமிருந்த மூன்று கையெழுத்தையும் அவனுக்காக நானே போய் வாங்கினேன். வரிசையே இல்லை, எல்லா வராந்தாவும் காலி, மொத்தமும் அரை மணி நேரத்தில் முடிந்தது. லேப் உதவியாளர் மட்டும் 'அந்தப் பையனையே பேசச் சொல்லு' என்று போனை வாங்கிக்கொண்டு, ஸ்பீக்கரில் போட்டு, அதே பீக்கருக்காக அவனை மறுபடியும் ஒரு பிடி பிடித்தார். அந்தப் பக்கம் அவன் 'சரிங்க சார், சரிங்க சார்' என்றுகொண்டே இருந்தான்.

படிவத்தைக் கூரியரில் அனுப்ப உறையை எடுத்து அவன் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே எழுத எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நாலு வருஷம் ஒரே அறை, அவன் வீட்டு முகவரி எனக்குத் தெரியாது. நீங்கள் இப்போதே எல்லோரிடமும் அதை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், போன் நம்பர் மாறிவிடும். நான் மறுபடி போன் செய்து கேட்டேன். தெருப் பெயர் சொன்னான், வீட்டு எண் சொன்னான், பின்கோடை மட்டும் இரண்டு தடவை தப்பாகச் சொல்லிவிட்டு அம்மாவிடம் கேட்கப் போனான்.