எங்கிருந்து எங்கே? – அறிவியல் கேள்வி பதில்

இந்த இதழுக்கு ராமநாதபுரம் கடற்கரைப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை உயரத்தைப் பற்றியவை. கிணறு, பனை, பாலம், தண்ணீர் டேங்க் எல்லாம் அதில் அடக்கம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கீழ் வகுப்பில் ஈர்ப்பு நிலை ஆற்றல் ‘எம்.ஜி.எச்.’ என்று படித்தேன். பிளஸ் ஒன்னில் மைனஸ் குறியோடு ‘ஜி.எம்.எம். பை ஆர்’ என்கிறார்கள். எது சரி? ஆற்றல் எப்படி மைனஸ் ஆகும்?
– பிளஸ் ஒன் மாணவி, தொண்டி

இரண்டும் சரி. பூஜ்யத்தை எங்கே வைத்தோம் என்பதுதான் வித்தியாசம்.

உங்கள் வீட்டுக் கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 8 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது, வாளியில் 10 கிலோ தண்ணீர் பிடிக்கும். மேலே இழுக்க நிறை (எம்) × ஈர்ப்பு முடுக்கம் 9.8 (ஜி) × உயரம் (எச்), அதாவது 10 × 9.8 × 8 = 784 ஜூல் வேலை செய்தாக வேண்டும். தண்ணீர் மட்டத்தைப் பூஜ்யம் என்று வைத்தால், மேலே வந்த வாளித் தண்ணீரின் ஆற்றல் 784. கிணற்று விளிம்பைப் பூஜ்யம் என்று வைத்தால், கீழே கிடந்த தண்ணீரின் ஆற்றல் மைனஸ் 784, மேலே வந்ததும் பூஜ்யம். எப்படிக் கணக்குப் போட்டாலும் உங்கள் கை இழுத்தது அதே 784 ஜூல்தான். பரீட்சையில் எம்.ஜி.எச். எழுதும் முன் ‘எங்கிருந்து எங்கே’ என்று விடைத்தாள் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பாதித் தவறு அங்கேயே நின்றுவிடும்.

பிளஸ் ஒன் சூத்திரம் பூஜ்யத்தைப் பூமியிலிருந்து முடிவிலாத் தொலைவில் வைக்கிறது. அந்தக் கணக்கில் நாம் எல்லோரும் ஒரு பெரிய கிணற்றின் அடியில் நிற்கிறோம், அதனால்தான் மைனஸ். அந்தக் கிணற்றிலிருந்து ஒரு கிலோவை முழுக்க வெளியே எடுக்க எவ்வளவு வேண்டும்? 9.8-ஐப் பூமியின் ஆரம் 63,71,000 மீட்டரால் பெருக்குங்கள்: சுமார் 6.24 கோடி ஜூல். மின்வாரியக் கணக்கில் 17.3 யூனிட் (ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல்). பூமியின் ஈர்ப்பிலிருந்து தப்பிக்கும் விடுபடு வேகம் நொடிக்கு 11.2 கிலோமீட்டர் என்று நீங்கள் மனப்பாடம் செய்திருப்பது இந்த ஆற்றலைத் தரும் வேகத்தைத்தான்.

அப்படியானால் எம்.ஜி.எச். எதுவரை செல்லும்? உயரம் கூடக்கூட ஈர்ப்பு குறைகிறது. ஆனால் எம்.ஜி.எச். அது மாறாமல் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. உயரத்தைப் பூமியின் ஆரத்தால் வகுத்தால் வரும் பங்குதான் ஏறக்குறைய பிழையின் அளவு. பனை உயரத்துக்குப் பிழை ஒன்றுமே இல்லை. விமானம் பறக்கும் 10 கிலோமீட்டரில் 0.16 சதவீதம். செயற்கைக்கோள் சுற்றும் 400 கிலோமீட்டரில் 6 சதவீதத்துக்கும் மேலே போய்விடும். அங்கே பிளஸ் ஒன் சூத்திரம் கட்டாயம்.

கிணற்றுக் கணக்கில் பலர் விட்டுவிடும் ஒன்று, கயிறு. 8 மீட்டர் கயிறு 1.2 கிலோ இருந்தால் அதையும் நீங்கள்தான் தூக்குகிறீர்கள். ஆனால் அதன் மேல்முனை ஏற்கெனவே உங்கள் கையில். கீழ்முனை மட்டுமே 8 மீட்டர் ஏறுகிறது. சராசரி 4 மீட்டர்தான். 1.2 × 9.8 × 4 = 47 ஜூல். இங்கே 8 போட்டால் தப்பு. இந்தப் ‘பாதி உயரம்’ பின்னால் இன்னொரு பதிலிலும் வரும்.

பனையேறி மேலே போய்த் திரும்ப இறங்கிவிட்டால் மொத்த வேலை பூஜ்யம் என்று ஒரு ஆசிரியர் சொன்னார். அப்படியானால் ஏன் அவ்வளவு களைப்பு?
– வாசகர், சாயல்குடி

ஆசிரியர் சொன்னது ஈர்ப்பு விசை செய்த வேலையை. அது பூஜ்யம்தான். பனையேறியின் உடம்பு செய்தது வேறு கணக்கு.

ஆள் 60 கிலோ. அரிவாள், கலயம், சாமான் எல்லாம் சேர்த்து 5 கிலோ. மரம் 15 மீட்டர் என்று வையுங்கள். ஒரு ஏற்றத்துக்கு 65 × 9.8 × 15 = 9,555 ஜூல். உணவுக் கணக்கில் வெறும் 2.3 கிலோகலோரி. ஆனால் நம் தசைகள் உண்ணும் ஆற்றலில் நாலில் ஒரு பங்கைத்தான் தூக்கும் வேலையாக மாற்றுகின்றன, மீதி வெப்பம். ஆக ஒரு மரத்துக்கு உடம்புக்கு ஆகும் செலவு 9 அல்லது 10 கிலோகலோரி. ஒரு நாளைக்கு 40 முறை ஏறினால் ஏற்றத்துக்கு மட்டுமே 400 கிலோகலோரிக்குக் கொஞ்சம் கீழே.

இறங்கும்போது அந்த 9,555 ஜூல் உடம்புக்குத் திரும்பி வருவதில்லை. தசை என்பது சார்ஜ் ஏறும் பேட்டரி அல்ல. இறங்குகையில் தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது; ஏறுவதைவிடச் செலவு குறைவு, ஆனாலும் செலவுதான். சேர்த்துவைத்த நிலை ஆற்றல் முழுவதும் தசையிலும், காலில் மாட்டும் தளைநாரிலும், மரத்தில் உரசும் நெஞ்சிலும் காலிலும் சூடாகிப் போகிறது. இதெல்லாம் போக, பாளை சீவும் நேரமெல்லாம் ஒரே இடத்தில் பிடித்து நிற்க வேண்டும். உயரம் மாறாததால் இயற்பியல் கணக்கில் அங்கே வேலை பூஜ்யம். தொடையைக் கேட்டால் வேறு பதில் வரும்.

நுங்குக் குலையை ஏன் வெட்டிக் கீழே போடாமல் கயிற்றில் இறக்குகிறார்கள் என்பதற்கும் இதுவே விடை. 8 கிலோ குலை 15 மீட்டரில் 1,176 ஜூல் வைத்திருக்கிறது. விட்டால் தரையைத் தொடும்போது மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் வேகம். நுங்கு சிதறும், கீழே ஆள் நின்றால் உயிருக்கே ஆபத்து. கயிற்றை மட்டையில் ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினால் அந்த ஆற்றல் கயிறும் மட்டையும் உரசும் சூடாகக் கரையும். சுற்றாமல் வெறுங்கையில் விட்டால் அத்தனையும் உள்ளங்கையில். தோல் உரிவது அதனால்தான்.

பாம்பன் புதிய ரயில் பாலத்தின் நடுப்பகுதியை அப்படியே மேலே தூக்குகிறார்களே, எவ்வளவு கரண்ட் ஆகும்?
– வாசகர், பாம்பன்

2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட பாலத்தில் தூக்கும் பகுதியின் நீளம் 72.5 மீட்டர், எடை சுமார் 660 டன், தூக்கும் உயரம் 17 மீட்டர். நேரடியாகக் கணக்குப் போட்டால் 6,60,000 × 9.8 × 17 = ஏறத்தாழ 11 கோடி ஜூல், அதாவது 30 யூனிட்டும் சொச்சமும். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் ஐந்து நிமிடத்தில் தூக்குவதாக வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 490 குதிரைசக்தி மோட்டார் வேண்டியிருக்கும்.

அவ்வளவு தேவைப்படாததற்குக் காரணம் எதிர் எடைகள். இரு பக்கக் கோபுரங்களிலும் கப்பிகளின் மேலே போகும் எஃகு வடங்களின் மறுமுனையில், பாலப் பகுதிக்கு ஏறக்குறைய ஈடான எடை தொங்குகிறது. பாலம் 17 மீட்டர் ஏற, எதிர் எடை 17 மீட்டர் இறங்கும். ஒன்று பெற்ற நிலை ஆற்றலை மற்றது இழக்கிறது. மொத்தத்தில் மாற்றம் மிகச் சொற்பம். மோட்டார் செய்ய வேண்டியதெல்லாம் உராய்வை வெல்வது, அவ்வளவு எடையையும் அசைத்து நிறுத்துவது, கடற்காற்றைத் தாக்குப்பிடிப்பது. பாட்டன் காலத்துத் துலாவில் பின்முனையில் கல்லைக் கட்டியதும் இதே யோசனைதான்.

1914-இல் திறந்த பழைய பாலத்தின் தூக்குப் பகுதியை ஆட்கள் கையாலேயே இயக்கித் திறந்தார்கள் என்பது பலருக்கு ஆச்சரியம். அங்கேயும் இரண்டு பாதிகளுக்கும் பின்னால் எதிர் எடை இருந்தது. எடை சமன் ஆகிவிட்டால் மிச்சம் இருப்பது உராய்வுதான். ஆனால் சமன் ஒருமுறை செய்துவிட்டால் தீர்ந்துவிடாது. புதுப் பெயிண்ட், மாற்றிய தளவாடம் என்று எது எடையை மாற்றினாலும் எதிர் எடையைச் சரிபார்க்க வேண்டும். இத்தகைய பாலங்களில் பாலப் பக்கத்தைச் சற்றே கனமாக விடுவது வழக்கம், மூடும்போது தானாக உட்கார்ந்து நிற்பதற்காக.

ஒரு குதிரைசக்தி மோட்டார். கிணற்றில் தண்ணீர் 6 மீட்டர் கீழே, டேங்க் 10 மீட்டர் மேலே. 1,000 லிட்டர் நிரம்ப 20 நிமிடம் ஆகிறது. முக்கால் இஞ்ச் பைப், வளைவெல்லாம் சேர்த்து 30 மீட்டர். கணக்குப்படி இவ்வளவு கரண்ட் ஆகக் கூடாதே?
– வாசகர், கீழக்கரை

உங்கள் சந்தேகம் நியாயமானது. தண்ணீர் மட்டத்திலிருந்து டேங்க் வரை 16 மீட்டர். (பலர் தரையிலிருந்து 10 மட்டும் எண்ணுகிறார்கள்.) 1,000 × 9.8 × 16 = 1,56,800 ஜூல், அதாவது 0.044 யூனிட். உங்கள் மோட்டார் 1 கிலோவாட் இழுக்கிறது என்றால் 20 நிமிடத்தில் 0.33 யூனிட். உயரமாக மாறியது 13 சதவீதம்தான்.

மீதியில் பெரும்பகுதி மோட்டாரிலும் பம்ப்பிலுமே வீணாகிறது. அதற்கு அடுத்த திருடன் பைப். 20 நிமிடத்துக்கு 1,000 லிட்டர் என்றால் நொடிக்கு 0.83 லிட்டர். உள்விட்டம் 20 மில்லிமீட்டர் பைப்பில் அந்தத் தண்ணீர் நொடிக்கு 2.6 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். அந்த வேகத்தில் உராய்வு ஒவ்வொரு மீட்டர் பைப்புக்கும் ஏறக்குறைய அரை மீட்டர் உயரத்தைத் தின்னும். 30 மீட்டருக்குச் சுமார் 14 மீட்டர்! நீங்கள் 16 மீட்டர் தூக்குவதாக நினைக்க, பம்ப் 30 மீட்டருக்கு உழைக்கிறது. இதே ஓட்டம் உள்விட்டம் 32 மில்லிமீட்டரான ஒன்றேகால் இஞ்ச் பைப்பில் போனால் 30 மீட்டருக்கும் சேர்த்து இழப்பு ஒன்றேகால் மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் போவதுதான் காரணம். பைப் விலையில் மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் வீண் சிக்கனம்.

மாற்றும் முன் ஒரு சோதனை. டேங்க் வாயில் 20 லிட்டர் வாளியைப் பிடித்து நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். இப்போது 24 நொடி வர வேண்டும். அதைவிட அதிகமாகி, தண்ணீர் விட்டு விட்டு வந்தால் உறிஞ்சு குழாயில் எங்கோ காற்று புகுகிறது. ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றித்தான் மோட்டார் எடுக்கிறது என்றால், உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட்வால்வ் கசிகிறது. கோடையில் தண்ணீர் மட்டம் இன்னும் இறங்கினால் மோட்டாரையும் கீழே இறக்குங்கள். காற்றழுத்தம் தள்ளித்தான் தண்ணீர் மேலே வருகிறது; அதன் வரம்பு ஏட்டில் 10.3 மீட்டர், நடைமுறையில் 7.

கமுதியில் 648 மெகாவாட் சோலார் இருக்கிறது. பகல் கரண்டில் ஊர் ஓவர்ஹெட் டேங்கை நிரப்பி, ராத்திரி அந்தத் தண்ணீரை இறக்கிக் கரண்ட் எடுக்கலாமே?
– வாசகர், கமுதி

கொள்கை சரி. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் அதைத்தான் செய்கிறது. ஆனால் அங்கே மலை இருக்கிறது.

30,000 லிட்டர் டேங்க், சராசரி உயரம் 12 மீட்டர்: 30,000 × 9.8 × 12 = 35 லட்சம் ஜூல். ஒரு யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஆகும் இழப்பைக் கழித்தால் அரை யூனிட் கைக்கு வந்தால் அதிர்ஷ்டம். வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் பேட்டரியில் ஏட்டளவில் 1.8 யூனிட் இருக்கிறது. ஒரு டன் எடையை ஒரு மீட்டர் தூக்குவது ஒரு யூனிட்டில் 367-இல் ஒரு பங்கு. இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் இப்படிப்பட்ட யோசனைகளை அரை நிமிடத்தில் எடைபோடலாம்.

பகல் வெயிலில் டேங்கை நிரப்புவது நல்ல யோசனைதான், தண்ணீருக்காக.

கடலில் ஏற்ற இறக்கம் தினமும் வருகிறதே, நம் கரையில் அதிலிருந்து மின்சாரம் எடுக்க முடியாதா?
– வாசகர், தேவிபட்டினம்

எடுக்கலாம், ஆனால் கட்டுப்படியாகாது. பிரான்சில் ரான்ஸ் ஆற்று முகத்தில் 1966 முதல் 240 மெகாவாட் நிலையம் ஓடுகிறது. அங்கே நீர்மட்ட வித்தியாசம் சராசரி 8 மீட்டர். நம் பக்கம் ஒரு மீட்டரைக்கூடத் தொடுவதில்லை. தேக்கிய நீரின் மேல்பரப்பு முழு உயரத்திலும் அடி பூஜ்யத்திலும் இருப்பதால், முதல் பதிலில் கயிற்றுக்குப் பார்த்த பாதி உயரம்தான் இங்கேயும். நீரின் அளவும் உயரத்தோடு கூடுவதால் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தில் வளர்கிறது. ஒரு சதுர கிலோமீட்டரில் 8 மீட்டர் வித்தியாசம் ஒரு முறைக்கு ஏறத்தாழ 89,000 யூனிட் தரும்; 0.6 மீட்டர் 500 யூனிட்தான். அணை கட்டும் செலவு அப்படிக் குறையாது.

கரையிலிருந்து வெகுதூரம் தெற்கே போனால் கடல் பள்ளமாகிறது என்கிறார்கள். அப்படியென்றால் படகு தானாகச் சரிந்து போகாதா?
– விசைப்படகு வைத்திருப்பவர், மண்டபம்

பள்ளம் உண்மை. பூமியின் வடிவத்துக்காகக் கணக்கில் வைத்திருக்கும் வழுவழுப்பான நீள்கோளத்தோடு ஒப்பிட்டால், இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலின் மட்டம் சுமார் 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. உலகிலேயே ஆழமான பள்ளம் அதுதான். அடியில், பூமியின் ஆழத்தில், நிறை சற்றுக் குறைவு. ஈர்ப்பு கொஞ்சம் சோர்ந்திருப்பதால் தண்ணீர் அங்கே வந்து குவிவதில்லை.

ஆனாலும் படகு சரியாது. கடல்மட்டம் என்பதே நிலை ஆற்றல் எங்கும் ஒன்றாக இருக்கும் பரப்பு. வித்தியாசம் இருந்தால் தண்ணீரே ஓடிச் சரிசெய்துவிடும். அலை, ஓதம், காற்று, நீரோட்டம் ஆகியவை உண்டாக்கும் சிறு மேடுபள்ளம் போக, மண்டபத்திலிருந்து அங்கே போவது இயற்பியல் கணக்கில் சமதரையில் போவதுதான். டீசல் செலவெல்லாம் தண்ணீரின் தடைக்கு.

இந்தப் பள்ளத்தின் சாய்வில்தான் நம் கரையும் இருக்கிறது. ஜிபிஎஸ் கருவி முதலில் கண்டுபிடிப்பது அந்த நீள்கோளத்திலிருந்து உள்ள உயரத்தை. பிறகு உள்ளே இருக்கும் அட்டவணையைப் பார்த்துக் கடல்மட்டத்துக்குத் திருத்திக் காட்டும். திருத்தம் இல்லாத கருவி என்றால், படகில் நிற்கும்போதே உயரம் மைனஸில் பல பத்து மீட்டர் என்று வரும். கருவியைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிடாதீர்கள்.