கேமராவை மாற்றுவதா, லென்ஸ் வாங்குவதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் நிக்கான் டி5600 கேமராவும் அதனுடன் வந்த 18-55 லென்ஸும் உள்ளன. உறவினர் திருமணங்களில் எடுக்கும் படங்கள் புள்ளி புள்ளியாகத் தெரிகின்றன. ஃபுல் ஃப்ரேம் (ஒளியைப் பதிக்கும் சென்சார் பெரிதாக உள்ள) கேமராவுக்கு மாறிவிடலாமா? (ஈரோடு)

பதில்: இப்போதைக்கு வேண்டாம், குறை லென்ஸில்தான் இருக்கிறது. நம் பக்கத்துத் திருமணங்களில் அருமைக்காரர் முன்னின்று நடத்தும் சீர்கள் பலவும் விடிவதற்கு முன்பே மண்டப விளக்கொளியில் நடந்துவிடுகின்றன. அந்த வெளிச்சத்தில் உங்கள் லென்ஸை 55 மி.மீ. வரை நீட்டினால், ஒளி நுழையும் துவாரமான அபெர்ச்சர் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும்). எஃப்/1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய 10 மடங்கு ஒளியை உள்ளே விடும் என்பதால், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்; இதைக் கூட்டும்போதுதான் புள்ளிகள் தெரிகின்றன) 6400 வைத்து எடுத்த அதே காட்சியை 640-இலேயே எடுத்துவிடலாம். ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் பரப்பு உங்கள் சென்சாரைப் போல் இரண்டேகால் மடங்குதான். கேமராவை மாற்றுவதால் கிடைக்கும் ஆதாயமும் ஏறத்தாழ அந்த அளவுக்குள்தான் நிற்கும்.

35 மி.மீ. வாங்குவதா, 50 மி.மீ. வாங்குவதா என்பதைக் கடையில் முடிவு செய்யாதீர்கள். இருக்கும் லென்ஸை 35-இல் நிறுத்தி ஒரு விசேஷம் முழுவதும் எடுத்துப் பாருங்கள்; மணவறைக்கு எதிரே பின்னால் நகர இடமில்லாத மண்டபங்களில் 50 மி.மீ. மிக நெருக்கமாகிவிடும். உங்கள் கேமராவின் உள்ளே ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஆகவே, தனக்கென மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும். லென்ஸிலேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் வகையையே கேட்டு வாங்குங்கள். எஃப்/1.8-இல் பெண்ணின் முகம் துல்லியமாக விழுந்து, அருகில் சற்றுப் பின்தள்ளி அமர்ந்திருக்கும் மாப்பிள்ளையின் முகம் மங்கிவிடக்கூடும். இருவரையும் சேர்த்து எடுக்கும்போது எஃப்/2.8 வையுங்கள்.

கேள்வி: அப்பாவின் பழைய லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கிறது. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் புதிதாக வாங்கிவிடலாமா? (பொள்ளாச்சி)

பதில்: லென்ஸின் ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பாருங்கள். முன்கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல் போல ஓரிரு இழைகள் மட்டும் தெரிந்தால் படத்தில் பெரிய வேறுபாடு இராது. பின்கண்ணாடியில் படர்ந்திருந்தால் படம் வெளிறும். அந்த லென்ஸை மாற்றினால் போதும், கேமராவைக் கொடுக்க வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மழைக்காலக் காற்று வரும் உங்கள் ஊரில், தோல் பையை விடக் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லுமே லென்ஸுக்குப் பாதுகாப்பு.

கேள்வி: நஞ்சராயன் குளத்தில் பறவைகளைப் படம் எடுக்கிறேன். கேனான் 1300டி, 55-250 லென்ஸ். பறக்கும் பறவைகள் ஒன்றுகூடத் தெளிவாக விழவில்லை. 600 மி.மீ. லென்ஸ் வாங்கலாமா? (திருப்பூர்)

பதில்: உங்களுக்கு நான் கேமராவையே மாற்றச் சொல்வேன். 1300டி-யில் 9 ஃபோகஸ் புள்ளிகள்தான்; அவற்றில் நடுப்புள்ளி ஒன்றே நம்பத்தக்கது; நொடிக்கு 3 படங்களே எடுக்க முடியும். சிறகடித்துத் திரும்பும் பறவையை இதனால் பின்தொடர முடியாது. நீளமான லென்ஸைப் பூட்டினால் பறவையைச் சட்டகத்துக்குள் வைத்திருப்பதே இன்னும் கடினமாகும். 2022-இல் வந்த கேனான் ஆர்10 போன்ற மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமரா பறவையைத் தானே கண்டறிந்து பின்தொடரும். மெக்கானிக்கல் ஷட்டரிலேயே நொடிக்கு 15 படங்கள் வரை எடுக்கும். அடாப்டர் போட்டால் உங்கள் 55-250 அதிலும் வேலை செய்யும். தொலைவில் அமர்ந்திருக்கும் பறவைகள்தான் உங்கள் விருப்பம் என்றால் மட்டுமே லென்ஸ் முதலில் வர வேண்டும். எதை வாங்கினாலும், உச்சி வெயிலில் நீர்ப்பரப்பின் மேல் எழும் கானலைத் தாண்டித் தெளிவான படம் கிடைக்காது, காலையிலேயே போய்விடுங்கள்.

கேள்வி: இணையத்தில் விற்பதற்காகப் போர்வைகளைப் படம் எடுக்கிறோம். நிறம் மாறித் தெரிகிறது என்று வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்புகிறார்கள். 45 மெகாபிக்சல் கேமரா உதவுமா? (சென்னிமலை)

பதில்: உதவாது. ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்து விழுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். டியூப்லைட்டை அணைத்துவிட்டு, சாம்பல் நிற அட்டையைப் போர்வையின் மேல் வைத்து ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்துக்கு ஏற்ற நிறச் சமன்) அமைத்து, ட்ரைபாடில் எஃப்/8-இல் எடுங்கள். செலவழிக்கத்தான் வேண்டுமென்றால், நிறத்தைச் சரியாகக் காட்டும், சிஆர்ஐ 95-க்கு மேற்பட்ட இரண்டு எல்இடி விளக்குகளை வாங்குங்கள்.