கேள்வியும் பதிலும்: பாட்டி தந்த பச்சை வளையல்

கேள்வி: என் மகள் திருமணத்துக்குப் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி ஒரு பச்சை வளையல் கொடுத்தார். மரகதமா என்று கேட்டதற்கு, "இல்லை, ஜேட்" என்றார். இரண்டும் ஒன்றில்லையா? தங்கத்தைவிட இதை அவர்கள் உயர்வாக நினைப்பது ஏன்?
- வாசகி, ஈப்போ

பதில்: நிறம் ஒன்றுபோல் இருக்கலாம், கல் வேறு, குலம் வேறு. மரகதம் பெரில் இனத்துப் படிகம். ஜேட் என்பதோ தனி ஒரு கல்லின் பெயரே அன்று. நெஃப்ரைட், ஜேடைட் என்னும் இரண்டு கனிமங்களுக்கும் சேர்த்து வழங்கும் பொதுப்பெயர். இவை வெவ்வேறு என்பதைப் பிரெஞ்சு வேதியியலாளர் தமூர் 1863இல்தான் பிரித்துக் காட்டினார். பளிச்சென்ற பச்சை வளையல் பெரும்பாலும் பர்மாவின் கச்சின் மாநிலத்து ஜேடைட்டைச் சேர்ந்தது. அது சீனாவுக்குப் பெருமளவில் போனது 18ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் பல ஆயிரம் ஆண்டுகள் சீனர்கள் போற்றியது நெஃப்ரைட்டை. அதிலும் மேற்கே கோத்தான் நகரையொட்டிய ஆறுகளில் கூழாங்கல்லாகப் பொறுக்கப்பட்ட, ஆட்டுக்கொழுப்பு நிறத்து வெள்ளைக் கல்தான் அவர்களுக்கு உச்சம். ஆகவே ஜேட்டைப் பச்சைக்கல் என்று நாம் அழைப்பது பாதிதான் சரி.

மதிப்புக்கு அடிப்படை, அதன் உறுதி. வைரத்தை இன்னொரு வைரத்தைத் தவிர வேறு எதுவும் எளிதில் கீறாது, ஆனால் சுத்தியலால் ஓங்கி அடித்தால் பிளந்துவிடும். நெஃப்ரைட்டோ, கீறலைத் தாங்கும் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் 6 முதல் 6.5 வரை மட்டுமே இருந்தும், உள்ளே நுண்ணிய இழைகள் கயிற்றுப் புரிகளைப்போல ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், எளிதில் பிளப்பதில்லை. அதனால்தான் நியூசிலாந்தின் மாவோரி மக்கள் தங்கள் ஊர் நெஃப்ரைட்டான பௌனாமுவில் கழுத்தணியோடு போர் ஆயுதமும் செய்துகொண்டார்கள். இந்தக் கல்லைப் பழங்காலத்தில் உளியால் செதுக்க வழியில்லை. அதைவிடக் கடினமான மணலை நீரில் குழைத்து, நாள்கணக்கில் தேய்த்துத் தேய்த்தே உருவம் கொடுத்தார்கள். ஒரு வளையலுக்குள் எத்தனை மாத உழைப்பு உறைந்திருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், அரசர்களின் பொருளாக அது ஆனதில் வியப்பில்லை. சீன எழுத்தில் அரசனைக் குறிக்கும் எழுத்தோடு ஒரு புள்ளி சேர்ந்தால் ஜேட் ஆகிவிடும்.

இந்த மோகம் எதுவரை போனது என்பதற்கு லியூ ஷெங் என்ற ஹான் மரபு இளவரசரின் கல்லறை சான்று. கி.மு. 113இல் இறந்த அவருக்கு, ஜேட் உடலை அழியாமல் காக்கும் என்ற நம்பிக்கையில், 2,498 வில்லைகளைத் தங்கக் கம்பியால் கோத்துத் தலை முதல் கால் வரை ஓர் அங்கி பூட்டியிருந்தார்கள். 1968இல் தோண்டி எடுத்தபோது அங்கி இருந்தது. உள்ளே உடல் மட்கிப்போயிருந்தது.

கேள்வி: ஜேட் கல்லை இடுப்பில் கட்டினால் சிறுநீரக நோய் தீரும் என்று விற்கிறார்களே?
- வாசகர், திருச்சி

பதில்: தீராது. இந்த நம்பிக்கை கல்லின் பெயருக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருப்பது என்னவோ உண்மை. நடு அமெரிக்காவில் இக்கல்லைக் கண்ட ஸ்பானியர்கள் "விலாப்புறக் கல்" என்று அழைத்ததிலிருந்து ஜேட் வந்தது. சிறுநீரகத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து நெஃப்ரைட் வந்தது. பெயர் தந்த நிவாரணம் அவ்வளவே. மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: வாங்கும்போது அசலா என்று எப்படி அறிவது? கண்ணாடியைக் கீறினால் அசல் என்கிறார் கடைக்காரர்.
- வாசகர், கோலாலம்பூர்

பதில்: சாயம் ஏற்றிய படிகப்பாறையும் கண்ணாடியைக் கீறும், "மலேசிய ஜேட்" என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் அதுதான். எடை பார்ப்பது நல்லது. 50 கிராம் ஜேடைட் வளையலை நூலில் கட்டி நீரில் முழுதும் அமிழ்த்தி நிறுத்தால் ஏறத்தாழ 35 கிராம் காட்டும். சாதாரணக் கண்ணாடியானால் 30, படிகப்பாறையானால் 31. ஆனால் உண்மையான ஜேடைட்டையே அமிலத்தில் வெளுத்து, பிசின் ஏற்றி, புதுப்பொலிவோடு விற்கும் ஒரு வகை உண்டு. வணிகர்கள் அதை "பி" என்பார்கள். தராசுக்கு அது எளிதில் பிடிபடாது. அகச்சிவப்புக் கதிர்ச் சோதனை செய்யும் ஆய்வகச் சான்றிதழ் வேண்டும். அதில் "ஏ வகை", அதாவது அமிலமும் பிசினும் ஏற்றாத கல், என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.