அப்பா எப்போது வேலைக்குப் போகப்போகிறார்?

கேள்வி: என் மகன் 10 வயதில் டி.வி. பாட்டுப் போட்டியில் அரையிறுதி வரை போனவன். மேடவாக்கத்தில் எங்கே போனாலும் செல்ஃபி கேட்பார்கள். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, கடைத் திறப்பு என்று வாரம் தவறாமல் அழைப்பு வந்தது. அவனைக் கூட்டிப்போய்வர ஆள் வேண்டுமே என்று என் கணவர் வேலையை விட்டார். இப்போது மகனுக்கு 13 வயது. குரல் உடைந்துவிட்டது. ஒரு வருடமாக யாரும் கூப்பிடுவதில்லை. எந்நேரமும் அறைக்குள்ளேயே இருக்கிறான். உற்சாகம் வரட்டும் என்று பழைய வீடியோக்களைப் போட்டுக் காட்டினால் எழுந்து போய்விடுகிறான். போன மாதம் என் அண்ணன் மகள் வளைகாப்பில் பாடச் சொன்னதும் மைக்கைத் தூக்கிப் போட்டுவிட்டான். புகழ் போன ஏக்கம் அவனை வாட்டுகிறது. பழையபடி அவனை மாற்ற என்ன வழி?
- பெயர் வேண்டாம், மேடவாக்கம்

பதில்: மகனைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். கணவரைப் பற்றி ஒரே ஒரு வரி. வேலையை விட்டார். சரி, மறுபடி எப்போது சேர்ந்தார்? தேடித்தேடிப் பார்த்தேன், கடிதத்தில் அது இல்லை.

அழைப்பு நின்று ஒரு வருடம் ஆகிறது. அப்படியானால் இந்த ஒரு வருடமாக அந்தப் பையன் பள்ளிக்குக் கிளம்பும்போதும் அப்பா வீட்டில் இருக்கிறார், திரும்பி வரும்போதும் வீட்டில் இருக்கிறார். அவர் ஏன் வேலையை விட்டார் என்பது அவனுக்குத் தெரியும். 13 வயதுப் பிள்ளைக்கு வீட்டுக் கணக்கு புரியாது என்று நினைக்காதீர்கள். பால்காரருக்கு எத்தனை நாள் பாக்கி என்பதுகூடத் தெரிந்திருக்கும். தன் தொண்டை போனதால் வீட்டில் வருமானம் போனது என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கலாம். அந்த நினைப்போடு உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் கதவைச் சாத்திக்கொள்கிறான் என்று எனக்குப் படுகிறது.

புகழ் போன ஏக்கம் என்று அவன் சொன்னானா? நீங்களாக வைத்த பெயர் அது. எனக்கு இப்படி எழுதுகிறவர்கள் எப்போதும் பெற்றவர்கள்தான். பாடின பிள்ளைக்கு ஷூட்டிங் என்றால் நள்ளிரவு வரை தூங்காமல் உட்கார்ந்திருந்ததும், கூடப் பாடின சிநேகிதர்களும்தான் நினைவில் இருக்கும். அம்மாவுக்கு நினைவிருப்பது வேறு: "நீங்கதான் அந்தப் பையனோட அம்மாவா?" என்று லிஃப்டில் யாரோ கேட்டது. அந்தக் கேள்வி உங்களுக்குப் பிடித்திருந்தது. தப்பில்லை, யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் இப்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை என்ற வருத்தத்தை அவன் தலையில் கட்டாதீர்கள். புகழ் பட்டவனைவிடப் பக்கத்தில் நின்றவர்களைத்தான் அது அதிகம் கெடுக்கிறது. பட்டவனுக்காவது பாடுகிற வேலை என்று ஒன்று இருந்தது.

குரல் விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு மகரக்கட்டு என்று பெயர், நோய் இல்லை. பையன்களுக்குக் குரல்வளை பெரிதாகிறது, குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு 'ஸ'விலிருந்து அடுத்த 'ஸ' வரை உள்ள தூரம், கீழே இறங்குகிறது. நிலைப்பதற்கு மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருடத்துக்கு மேலும் ஆகும். கட்டை என்பது பாடுகிற சுருதியின் அளவு; ஐந்து கட்டையில் பாடினவன் ஒரு கட்டைக்கோ ஒன்றரைக்கோ இறங்க வேண்டியிருக்கும். இந்த நேரத்தில் பழைய சுருதியில் பழைய பாட்டைப் பாடச் சொல்வது தொண்டையைக் கெடுக்கிற வேலை. கச்சேரி உலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு மார்கழியில் பகல் நேரம்தான் கொடுப்பார்கள். இலவச அனுமதி, கேட்க இருபது பேர். மாலை மேடைக்கு வர வருடக்கணக்காகும். அந்த உலகத்தைப் பற்றியும் எனக்கு ஆயிரம் குறை உண்டு, ஆனால் குரல் உடைகிறவன் கொஞ்ச நாள் ஒதுங்கி இருந்துவிட்டுத் திரும்பி வர அங்கே இடம் இருக்கிறது. உங்கள் பிள்ளையை எடுத்த எடுப்பில் உச்சியில் நிறுத்திவிட்டீர்கள்.

அப்புறம் பணம். 2017-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, நிகழ்ச்சிகளில் நடிக்கிற, பாடுகிற குழந்தையை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அதன் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அதன் பெயரில் வைப்புநிதியாகப் போக வேண்டும். ரிசப்ஷன் மேடைக்கு வந்து யார் விதியைப் பார்க்கப்போகிறார்கள் என்பது வேறு விஷயம். உங்கள் மகன் பெயரில் அப்படி ஒரு கணக்கு இருக்கிறதா? அமெரிக்காவில் ஜாக்கி கூகன் என்று ஒரு பையன், சாப்ளினோடு நடித்து உலகப் புகழ் பெற்றவன். சின்ன வயதில் லட்சக்கணக்கான டாலர் சம்பாதித்தான். வளர்ந்து பார்த்தால், அம்மாவும் அவருடைய இரண்டாவது கணவரும் பெரும்பகுதியைச் செலவழித்திருந்தார்கள். 1938-இல் பெற்ற தாய் மீதே வழக்குப் போட்டார். கைக்கு வந்தது சுமார் 1,26,000 டாலர். அதற்கு அடுத்த வருடம் கலிபோர்னியா போட்ட சட்டத்தை இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறார்கள்.

வயதான காலத்தில் பெற்றவர்களைப் பிள்ளை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நம்புகிற பழைய ஆள் நான். அதற்கு ஒரு காலம் இருக்கிறது. நல்ல உடம்போடு இருக்கிற அப்பா, 10 வயதுப் பையனின் சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று எந்த ஊர் தர்மமும் சொல்லவில்லை. கூட்டிப்போய்வர ஆள் வேண்டும் என்றால் சனி, ஞாயிறு போதாதா? அன்றைக்கு நீங்களாவது தடுத்திருக்க வேண்டாமா?

முதலில் உங்கள் கணவர் வேலைக்குப் போகட்டும். பழைய சம்பளம் கிடைக்காது, கிடைத்ததில் சேரட்டும். சேர்ந்த பிறகு அவரே மகனிடம் சொல்லட்டும்: "நான் வேலையை விட்டது என் முடிவு, உன் குரலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை." நீங்கள் தூது போகாதீர்கள். அவன் பெயரில் கணக்கு இல்லையென்றால் இந்த மாதமே தொடங்கி, முடிந்ததைப் போடுங்கள். இவ்வளவும் நடந்து, இரண்டு மூன்று மாதம் கழித்தும் அவன் சாப்பிடாமல், தூங்காமல், யாரிடமும் பேசாமல் இருந்தால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அதற்குள்ளாகவே தன்னைக் காயப்படுத்திக்கொள்கிற மாதிரி ஏதாவது பேசினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

பழைய வீடியோக்களை டி.வி.யில் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். உறவினர் விசேஷத்துக்கு வர மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம். வருகிறேன் என்று அவனாகச் சொன்னால், கிளம்பும் முன் உங்கள் அண்ணனுக்குப் போன் போட்டு, மைக்கை அவன் பக்கம் நீட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.