பக்கத்து வீட்டு நாயை அப்புறப்படுத்த யாரிடம் போவது?

கேள்வி: பக்கத்து வீட்டு நாய் மூன்று மாதத்தில் தபால்காரரையும் என் மகனையும் கடித்துவிட்டது. அவர்கள் வீட்டு கேட்டுக்குத் தாழ்ப்பாளே இல்லை. கேட்டைச் சணல் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார்கள். போலீசார், "நாய் பிடிப்பது எங்கள் வேலையில்லை" என்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: தெருவில் நின்றபடி அந்தக் கயிற்றை இன்றே படம் எடுத்துவிடுங்கள், ஐயா. உங்கள் வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது. நாய் கடித்துவிட்டது என்பதாலேயே உரிமையாளர் குற்றவாளி ஆவதில்லை. ஆபத்தைத் தடுக்க வேண்டியதைச் செய்யாமல் விட்டதுதான் குற்றம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தபால்காரரைக் கடித்த பிறகும் கயிற்றோடு நிறுத்திக்கொண்டவர், "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. நாயைப் பிடிக்காவிட்டாலும் இந்தப் புகாரைப் போலீசார் வாங்கித்தான் ஆக வேண்டும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலும் கையில் இருக்கட்டும்.

ஆனால் உரிமையாளர் அபராதம் கட்டினாலும் நாய் அதே முற்றத்தில்தான் நிற்கும். அதற்கு வழி வேறு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவின் கீழ் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். நிர்வாக நடுவர் என்ற முறையில், ஆபத்தான விலங்கை அடைத்து வைக்கவோ, அப்புறப்படுத்தவோ, கொல்லவோ உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. அடைத்து வைக்க மட்டும் கேளுங்கள் என்பேன். வளர்த்தவர்களின் பிழைக்கு அந்த உயிர் ஏன் போக வேண்டும்? ஆத்திரத்தில் யாராவது விஷம் வைத்தால், அது 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்பதையும் தெருவாருக்குச் சொல்லிவையுங்கள்.

கோட்டாட்சியர் முதலில் நிபந்தனை உத்தரவு போடுவார். உரிமையாளர் பணிய வேண்டும், அல்லது நேரில் வந்து காரணம் காட்ட வேண்டும். காரணம் காட்டினால் சாட்சி விசாரணை நடக்கும். அதை 90 நாளில், மிஞ்சினால் 120 நாளில் முடிக்க வேண்டும். அதுவரை குழந்தைகள் அந்த கேட்டைக் கடந்துதானே போக வேண்டும்? ஆகவே அதே சட்டத்தின் 161-ஆவது பிரிவின்படி உடனடித் தடை உத்தரவையும் அதே மனுவில் கேளுங்கள்.

மனுவின் தலைப்பிலேயே 152 என்ற பிரிவு எண்ணை எழுதுங்கள். இல்லாவிட்டால் சாதாரணப் புகாராக நகராட்சிக்கு அனுப்பிவிடுவார்கள். இந்தப் பிரிவு பலரையும் பாதிக்கும் பொதுத் தொல்லைக்கானது. உங்கள் கையெழுத்து மட்டும் இருந்தால் அண்டை வீட்டுச் சண்டை என்று ஒதுக்கிவிடலாம். தெருவாரிடமும் வாங்குங்கள், தபால்காரரிடம் முதலில்.